ஐட்லிங்கில் நடுங்கும் பழைய வண்டி: ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கித் தெரிகிறது. ஆர்.பி.எம். முள் ஓரிடத்தில் நிற்காமல் தத்தளிக்கிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்த நிலையில் உள்ள பெட்ரோல் வண்டிக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் வைத்தியம், ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவைத் திருகி, நிமிடத்துக்கு 800 சுற்றாக இருந்ததை 1,100-க்கு ஏற்றிவிடுவதுதான். நடுக்கம் அடங்கிவிடும், ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கியர் போடும்போது 'கடக்' என்று இடிக்கும், சில வாரங்களில் நடுக்கமும் திரும்பிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. திருகிய பிறகு உண்மையான கோளாறைத் தேடுபவருக்கு, ஸ்க்ரூ முதலில் எங்கே இருந்தது என்ற தடயமே கிடைக்காது. ஆகவே ஐட்லிங் ஸ்க்ரூவையும், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவையும் கடைசியில்தான் தொட வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது.

இன்ஜினுக்கு மிகக் கடினமான வேலை ஐட்லிங்தான். 800 ஆர்.பி.எம்.-மில் ஓடும் நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிகிறது. அதாவது வினாடிக்கு ஆறேழு முறை. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் வினாடிக்கு ஆறேழு குலுக்கல், அதை உட்காரும் சீட்டே சொல்லிவிடும். 3,000 ஆர்.பி.எம்.-மில் அதே மிஸ்ஸிங் வினாடிக்கு 25 முறை நடந்தாலும் ஃப்ளைவீலின் வேகம் அதை விழுங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தட்டு) ஏறக்குறைய மூடியே இருக்கிறது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அதில் முந்தைய சுற்றின் எரிந்த புகையும் கலந்திருக்கும். இப்படிப்பட்ட கலவை மெதுவாகத்தான் பற்றும். ஸ்பார்க் சற்றே பலவீனமானாலும், கலவை சற்றே மெலிந்தாலும் பற்றாமல் போய்விடும். நெடுஞ்சாலையில் வெண்ணெய் போல ஓடும் வண்டி சிக்னலில் நடுங்குவதன் ரகசியம் இதுதான். 'ஓடும்போது நன்றாகத்தானே இருக்கிறது' என்பதை வைத்து ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாக இருப்பதாக முடிவு கட்டக் கூடாது.

தொடங்கும் முன் பாதுகாப்பு. வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் நிறுத்துங்கள். தொங்கும் துணி, துண்டு, கைச்சங்கிலி எதுவும் ஃபேன் அருகே போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமலே சுழலத் தொடங்கும்.

ஒரு சிலிண்டரா, எல்லாமா?

பாகம் வாங்குவதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். இதற்குப் பதில் கிடைத்தால் பாதிப் பட்டியல் அடிபட்டுப் போகும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தச் சிலிண்டருக்கென்று தனியாக இருக்கும் பாகங்களைப் பார்க்க வேண்டும்: பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர், வால்வு, அந்தச் சிலிண்டரின் மேனிஃபோல்டு பேக்கிங். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோலச் சோர்ந்திருந்தால் பொதுவான பாகங்களைப் பார்க்க வேண்டும்: கார்புரேட்டர், த்ராட்டில் பாடி, டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), காயில், பெரிய ஏர் லீக், சென்சார்.

காது முதலில் சொல்லும். சைலன்சர் அருகே நின்று கேளுங்கள். சீரான இடைவெளியில் 'டுப்... டுப்...' என்று ஒரு அடி விட்டுப் போனால் ஒரே சிலிண்டர்தான். ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டால் மெலிந்த கலவை, அல்லது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இக்னிஷன் கோளாறு. மிஸ்ஸே இல்லாமல் ஆர்.பி.எம். மட்டும் 700-க்கும் 1,200-க்கும் இடையே ஊஞ்சலாடினால் காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக நுழைகிறது, இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. அதைத் துரத்துகிறது என்று அர்த்தம். ஒரு துண்டுக் காகிதத்தைச் சைலன்சர் வாயிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தும் பார்க்கலாம். நல்ல இன்ஜின் அதை ஒரே சீராக வெளியே தள்ளும். காகிதம் இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். நீண்ட சைலன்சரும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் உள்ள வண்டியில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அடுத்து சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள், பிளக் வயரைக் கழற்ற வேண்டாம். வயரைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போய் அதைக் கருக்கிவிடும். போக வழி இல்லாத ஸ்பார்க், எலக்ட்ரானிக் காயிலையும் கெடுக்கும். கார்புரேட்டர் வண்டியில் வேறு வழியில்லை, வயரைத்தான் கழற்ற வேண்டும். நல்ல இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆகும்படி வைத்து, பத்து வினாடிக்குள் திரும்ப மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆர்.பி.எம். எவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1-ஆவது 90 இறக்கியது, 2-ஆவது 85, 3-ஆவது 10, 4-ஆவது 90 என்று வந்தால் தேடல் 3-ஆவதோடு நின்றுவிட்டது. ஐட்லிங்கைத் தானே சரிசெய்துகொள்ளும் வண்டியில் ஐட்லிங் வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய ஆர்.பி.எம்.-மை அது உடனே தூக்கிவிட்டு உங்களை ஏமாற்றும்.

நாலும் ஒன்றுபோல இறங்கி, சைலன்சர் சத்தமும் சீராக இருந்து, பாடி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் உட்கார்ந்துபோயிருக்கும், அல்லது உலோகத்தை விட்டுப் பிரிந்திருக்கும். வண்டியே நடுங்கினாலும் இதில் இன்ஜினின் குற்றம் எதுவுமில்லை. இதைத் தெரியாமல் பிளக், வயர், காயில் எல்லாம் மாற்றுபவர்கள் நிறைய.

ஸ்பார்க் பக்கம்

கோளாறுள்ள சிலிண்டர் எது என்று தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் காரணம். நகராவிட்டால் வயரை மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே நகர்த்த வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது.

பிளக்கைக் கழற்றும் முன் அதன் குழியில் கிடக்கும் மண்ணை ஊதி வெளியேற்றுங்கள். அந்த மண்துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை கிழியும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். மூக்குப்பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் நலம். காய்ந்த கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க் இல்லை. கறுத்துப் பளபளத்து வழவழப்பாக இருந்தால் ஆயில் வருகிறது, ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை மெலிவு. நாலும் ஒரே நிறமாக இருப்பதும், மூன்று ஒரு நிறமாகவும் ஒன்று வேறு நிறமாகவும் இருப்பதும் வேறுவேறு கதைகள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், ஸ்பார்க் உள்ளே தாவாமல் வெளிப்பக்கமாக ஓடி எர்த் ஆகிறது. அந்தப் பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் தொப்பிக்குள்ளும் அதே கோட்டின் தடம் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுத் தொப்பியை விட்டுவிட்டால் புதுப் பிளக்கிலும் சீக்கிரமே அந்தக் கோடு விழுந்துவிடும்.

பிளக் முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளவிடுங்கள். பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) உள்ள பழைய இக்னிஷனுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ., எலக்ட்ரானிக்குக்கு 0.8 முதல் 1.1 மி.மீ. என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே இறுதி. வாஷர் உள்ள புதுப் பிளக்கைக் கையால் முட்டும்வரை முறுக்கி, பிறகு ஸ்பேனரால் அரை முதல் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். வாஷர் இல்லாமல் கூம்பு உட்காரும் வகைக்கு பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதும், அதற்கு மேல் முறுக்கினால் அடுத்த முறை ஹெட்டோடுதான் வரும்.

பிளக் வயர்களை மல்டிமீட்டரில் வைத்தால் சாதாரணமாகச் சில ஆயிரம் ஓமிலிருந்து இருபதாயிரம் ஓம் வரை, நீளத்துக்கு ஏற்பக் காட்டும். எண்ணைவிட முக்கியம், தன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் வயர் எது என்பது. மூன்று வயர் 7,000 - 9,000 என்று காட்ட, ஒன்று 60,000 காட்டினால் அது போய்விட்டது. வயரிலிருந்து ஸ்பார்க் ஒழுகுகிறதா என்பதை மீட்டர் காட்டாது, அதற்கு இருட்டு வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பனி போலத் தூவினால் நீல நிறத்தில் கோடுகோடாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை அருகே கொண்டுபோக வேண்டாம்.

ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் நடுவில் ஸ்பிரிங்கோடு அமுங்கும் கார்பன் பொட்டு இருக்க வேண்டும். தேய்ந்து மறைந்திருந்தாலோ ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டிருந்தாலோ மூடி மாற்ற வேண்டியதுதான். உட்சுவரில் முடி போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். மழைக்காலக் காலைகளில் மட்டும் நடுங்கும் வண்டியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாயிண்ட் வண்டியானால் கேம் மேட்டில் பாயிண்டின் குதிகால் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.4 மி.மீ. சுற்றுவட்டாரம். ஃபீலர் கேஜில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு நுழையுங்கள், ஒரு பொட்டு எண்ணெய் பாயிண்டில் ஒட்டினாலே கருகிப் படியும். பாயிண்டின் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் அதற்கேற்ற மேடு என்று இருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங். இந்த வரிசையைத் திருப்பிச் செய்தால் இரண்டும் கெடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் வேறு வேறு அளவில் திறக்கும், எத்தனை முறை டியூனிங் செய்தாலும் ஐட்லிங் சீராக நிற்காது. டைமிங் பார்க்கும்போது வேக்யூம் அட்வான்ஸ் (உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு) ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, சரியான ஐட்லிங் வேகத்தில் டைமிங் லைட் பிடிக்க வேண்டும். அதே ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கை வைத்து மூடுங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் டயஃப்ரம் நலம், காற்று கசிந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது.

ஏர் லீக்: பழைய வண்டியின் பெரும் சந்தேகம்

ரப்பருக்கும் பேக்கிங்குக்கும் வயது உண்டு. ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியிலும் அவை முதுமை அடைந்துகொண்டேதான் இருக்கும். பதினைந்து இருபது வருட வண்டி ஐட்லிங்கில் நடுங்கினால், ஸ்பார்க்குக்கு அடுத்தபடி நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். த்ராட்டில் மூடியிருக்கும் நேரத்தில் இன்ஜின் உறிஞ்சும் காற்றே மிகக் கொஞ்சம். அந்த நேரத்தில் 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால் அதன் வழியே வரும் காற்று மொத்தத்தில் கணிசமான பங்காகிவிடும். த்ராட்டில் திறந்ததும் அதே துளை ஒரு பொருட்டே இல்லை. ஐட்லிங்கில் மட்டும் கோளாறு, ஓட்டத்தில் இல்லை என்றால் அது ஏர் லீக்கின் கையெழுத்து.

ஹோஸை வெறுமனே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கிளாம்ப் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து வளைத்துப் பாருங்கள். வெளிப்புறம் காய்ந்த குளத்து மண் போல வெடித்து விரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஆயில் ஆவி போகும் பி.சி.வி. ஹோஸ் வெடிக்காது, மாறாக ஊறி உப்பி மிருதுவாகிவிடும். உறிஞ்சும் வேகத்தில் அது தட்டையாக ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் கிழிந்திருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டில் பயன்படாத குழாய் நுனிகளை மூடியிருக்கும் சிறு ரப்பர் தொப்பிகளை யாரும் பார்ப்பதில்லை. காய்ந்து பிளந்துகொள்வதில் அவைதான் முதல். இவற்றோடு பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) ஹோஸ், கார்புரேட்டர் அடி பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங், இன்ஜெக்டர் ஓ-ரிங், த்ராட்டில் ஷாஃப்ட் புஷ் ஆகியவற்றையும் பாருங்கள். கார்புரேட்டரின் த்ராட்டில் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே நுழையும் காற்றை எந்தப் பேக்கிங்கும் நிறுத்தாது.

எங்கே என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி, ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்குவது. இடுக்கியின் வாயில் துணி சுற்றி, மேனிஃபோல்டுக்குப் பக்கமாகப் பிடித்து நசுக்குங்கள். நசுக்கியதும் ஐட்லிங் சீரானால் லீக் அந்த வழியில்தான். பி.சி.வி. வால்வைக் கழற்றி விரலால் மூடினால் உறிஞ்சல் தெரிய வேண்டும், ஆர்.பி.எம். சற்று இறங்க வேண்டும். கையில் ஆட்டினால் பல வகை வால்வுகளில் 'கிளிக் கிளிக்' என்று உள்ளே அசையும். அசையாமல் திறந்த நிலையில் ஒட்டியிருந்தால் அதுவே ஒரு பெரிய ஏர் லீக்.

பேக்கிங் ஓரங்களுக்குத் தண்ணீர் ஸ்பிரே போதும். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் படும்போது ஒரு கணம் துளை அடைபட்டு ஐட்லிங் மாறும், 'ஸ்ஸ்' சத்தமும் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது, நன்றாகவும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டும் ஒழுகும் பிளக் வயரும் அருகே இருக்க அதை அடிப்பது நெருப்போடு விளையாடுவது. செய்தே ஆக வேண்டுமானால் இன்ஜின் சூடேறும் முன், ஒரு நேரத்தில் ஒரு சின்னத் தூவல், பக்கத்தில் தீயணைப்பான்.

பிரேக் பூஸ்டருக்குத் தனிச் சோதனை உண்டு. இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கமானதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, பெடல் மிதிக்கும்போதெல்லாம் ஐட்லிங் தடுமாறி உள்ளே காற்றுச் சத்தம் கேட்டாலோ, பூஸ்டர் டயஃப்ரம் போய்விட்டது. அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். இது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம்.

மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் ஒன்று கையில் இருப்பது பல சென்சார்களை மாற்றுவதைவிட லாபம். மேனிஃபோல்டில் மாட்டினால், சூடான நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை அசையாமல் காட்டும். மலைப்பகுதியில் 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். முள் அசையாமல் 14 - 16-ல் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். அதற்கும் கீழே போய்விட்டால் பெரிய லீக்கைத் தேடுங்கள். ஒழுங்கான இடைவெளியில் சட்டென்று சில அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு உட்காரவில்லை. சோம்பலாக நாலைந்து அங்குலம் போய் வந்தால் கலவை. ஐட்லிங்கில் படபடவென்று நடுங்கி, ரேஸ் செய்ததும் அடங்கினால் வால்வு கைடு தேய்மானம். 2,500-ல் பிடித்து வைக்க வைக்க முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சரோ கன்வர்ட்டரோ அடைத்திருக்கிறது.

கார்புரேட்டர் வண்டி

ஐட்லிங்குக்கான பெட்ரோல் தனி வழியில், ஸ்லோ ஜெட் மூலம் வருகிறது. அதன் துளை அரை மி.மீ. அளவுதான். பல வாரம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் அதை அடைத்துவிடும். அப்போது ஆக்சிலேட்டர் மிதித்தால் ஓடும், விட்டால் அணையும். ஜெட்டைக் கழற்றி கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பியோ ஊசியோ விடாதீர்கள். பித்தளைத் துளை ஒரு நூல் பெரிதானாலும் அந்த ஜெட் பழைய கணக்குக்கு வராது.

ஸ்லோ ஜெட் அருகே வயரோடு ஒரு சாலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) இருந்தால், சாவியைப் போட்டதும் அது 'டிக்' என்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கழன்ற வயருக்காக முழுக் கார்புரேட்டரையும் பிரித்துப் போடுவது நடக்கிற கதைதான். சோக் வால்வு சூடான பின் நேராக நிமிர்ந்து நிற்கிறதா என்று வாய்க்குள் எட்டிப் பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது மூழ்கிப் போய் லெவலை ஏற்றுகிறது.

மிக்ஸர் ஸ்க்ரூ ஒரு நல்ல சாட்சி. அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று. முட்டிய பின் ஒரு பொட்டும் இறுக்கக் கூடாது, ஊசி முனையில் பள்ளம் விழுந்தால் அந்த ஸ்க்ரூ பிறகு சொன்ன பேச்சைக் கேட்காது. இன்ஜின் ஓடும்போது முழுதாக மூடியும் அணையவில்லை என்றால் வேறெங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது. ஃப்ளோட் லெவல் உயர்ந்திருக்கலாம், நீடில் வால்வு தேய்ந்திருக்கலாம். ஆனால் அடிக்கடி இருப்பது மூன்றாவது காரணம்: முன்பு யாரோ ஐட்லிங் ஸ்க்ரூவை மிகவும் ஏற்றிவிட்டதால் த்ராட்டில் தட்டு மேலே போய், அடுத்த கட்டத்துக்கான துளைகளைத் திறந்துவிட்டது. மிக்ஸர் ஸ்க்ரூவின் ஆட்சி அங்கேயே போய்விட்டது. முதலில் சொன்ன அந்த ஸ்க்ரூ வைத்தியம் விட்டுச் செல்லும் தடம் இது.

இன்ஜெக்ஷன் வண்டி

இங்கே தொடக்கம் த்ராட்டில் பாடி. தட்டின் ஓரத்தில் கரி வளையம் படிந்து ஐட்லிங் காற்று போகும் இடுக்கையே அடைத்திருக்கும். துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்து எடுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலானால் சாவி ஆஃப் ஆகியிருக்க வேண்டும், தட்டை விரலால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. சுத்தம் செய்ததும் ஆர்.பி.எம். வழக்கத்தைவிட உயரலாம், கரிக்குப் பழகிய இ.சி.யூ. புதுக் கணக்கைக் கற்கச் சற்று நேரம் எடுக்கும். சில வண்டிகளில் அதற்கென்று ரீலேர்ன் முறையே உண்டு. ஐட்லிங் வால்வின் முனையிலும் கரியைத் துடைக்கலாம், ஆனால் முனையை இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம். காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டுமே. கம்பியைத் தொடாமல் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இ.சி.யூ.வைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் கோளாறுக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பி 0301 முதல் பி 0304 வரை எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், பி 0171 கலவை மெலிவு என்று சொல்லும். ஏன் என்பதை ஃப்யூல் ட்ரிம்தான் (இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) சொல்லும். ஐட்லிங்கில் ட்ரிம் +20 சதவீதம், 2,500-ல் +3 என்று வந்தால் ஏர் லீக். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பம்ப் அல்லது ஃபில்டர், பெட்ரோல் போதவில்லை. இரண்டிலும் ஒரேயடியாக மைனஸ் என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, ப்ரெஷர் ரெகுலேட்டர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. எம்.ஏ.எஃப். இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் எம்.ஏ.பி. வகை வண்டியில் இந்த ட்ரிம் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே திருட்டுக் காற்றும் அழுத்தத்தில் கணக்காகிவிடுவதால் கலவை அவ்வளவு மெலியாது, ஐட்லிங் வேகம்தான் உயரும்.

சூடான பின்னும் கரும்புகையோடு நடுங்கினால் கூலன்ட் சென்சார். 20 டிகிரியில் ஏறக்குறைய 2,000 - 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் பல வண்டிகளில் இருக்கும். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் நின்றால், இன்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக நம்பி இ.சி.யூ. பெட்ரோலை ஊற்றுகிறது. பெட்ரோல் டேங்கின் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தே ஒட்டியிருந்தால், டேங்க் நிரப்பிய உடன் நடுக்கம் கூடும். ஹோஸை நசுக்கிப் பார்த்தால் முடிந்தது. எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரியால் திறந்தே நின்றாலும் நடுங்கும், கழற்றித் துடையுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் நடுங்குகிறது

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, லீக் இல்லை, ஆனாலும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயிலையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு அமுக்கல் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். ஆக்சிலேட்டர் மிதிக்க மறந்தால் நல்ல இன்ஜினும் மோசமாகக் காட்டும். பெட்ரோல் இன்ஜினில் 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை இயல்பு. மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட்.

ஆனால் ஹெட்டைக் கழற்றும் முன் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியைப் பாருங்கள். டாப்பெட் சத்தம் போடுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமே இல்லாமல் போகும் டாப்பெட்டுக்கு. வால்வும் சீட்டும் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் வால்வு முழுதாக மூடாது, சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எரிந்துபோகும். கேஸில் ஓடும் வண்டிகளில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம். கைமுறையாகச் சரிசெய்யும் வகை இன்ஜின்களில் இன்டேக் 0.15 - 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் அதைவிடச் சற்று அதிகம் என்பது வழக்கம். சரியான எண்ணும், சூட்டிலா குளிரிலா என்பதும் கையேட்டில் இருக்கும். ஃபீலர் கேஜ் புத்தகத்தின் இரு தாள்களுக்கு நடுவே ஒரு தாளை இழுப்பது போல லேசான பிடிப்போடு வர வேண்டும். எரிவதற்கு முன் இடைவெளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பல இன்ஜின்கள் ஹெட் இறக்காமலே பிழைத்துக்கொள்கின்றன.

இனி ஸ்க்ரூவைத் தொடலாம்

கார்புரேட்டர் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டில், ஏ.சி., விளக்கு, ஃபேன் எல்லாம் ஆஃப், ஏர் ஃபில்டர் மாட்டியபடி. ஐட்லிங் ஸ்க்ரூவால் கையேட்டில் சொன்ன வேகத்துக்கு, பெரும்பாலும் 750 - 900, கொண்டுவாருங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி ஆர்.பி.எம்.-மோ வேக்யூமோ மிக உயரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பத்து வினாடி பொறுங்கள், இன்ஜின் உடனே பதில் சொல்லாது. வேகம் ஏறியிருந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவால் இறக்குங்கள், மறுபடி மிக்ஸர். இரண்டு மூன்று முறையில் இரண்டும் ஒத்துப்போகும். கடைசியாக மிக்ஸரை மிகச் சற்றே உள்ளே திருகி 20 - 30 ஆர்.பி.எம். இறங்கும் இடத்தில் விடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் த்ராட்டில் நிறுத்த ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம், அது தொழிற்சாலையில் வைத்த அளவு. ஐட்லிங் குறைவாக இருந்தால் காரணம் மேலே சொன்னவற்றில்தான் இருக்கும்.

பிறகு ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டு, பவர் ஸ்டீயரிங் இருந்தால் முழுதாகத் திருப்பி, ஐட்லிங் ஒரு கணம் தாழ்ந்து எழுகிறதா என்று பாருங்கள். தாழ்ந்தபடியே நின்றால் ஏ.சி.க்கு வேகத்தைத் தூக்கும் ஐடில்-அப் வேலை செய்யவில்லை. ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 - 14.4 வோல்ட் இருக்க வேண்டும். அது குறைந்தால் காயிலும் இன்ஜெக்டரும் பாதி பலத்தோடுதான் வேலை செய்யும். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பின் நாலு பிளக்கையும் மறுபடி கழற்றி அதே துணியில், அதே வரிசையில் அடுக்கி நிறத்தை ஒப்பிடுங்கள்.